ஒரே ஆண்டைச் சுமக்கும் முப்பது வருடக் காசுகள்: அமெரிக்கக் காலனிக் கால வெள்ளியை இனங்காண ஓர் அறிமுகம்

பழங்காசு ஒன்று கைக்கு வந்தால் அதில் ஆண்டு எங்கே பொறித்திருக்கிறது என்றுதான் எவரும் முதலில் தேடுவார்கள். அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய காலத்து வெள்ளிக் காசுகளைப் பொறுத்தவரை அந்தப் பழக்கம்தான் முதல் சறுக்கல். மாசசூசெட்ஸ் காலனியில் 1652 முதல் 1682 வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வெள்ளிக் காசு அடித்தார்கள்; ஆண்டு குறித்து அடித்தவற்றில் ஒரேயொரு வகையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் 1652 என்றே பொறித்தார்கள். தந்தை காலத்துக் காசிலும் 1652, மகன் வளர்ந்து கடை வைத்த பிறகு அடித்த காசிலும் 1652. ஆகவே ஒரு காசு உண்மையில் எப்போது அடிக்கப்பட்டது, அது எவ்வளவு அரிது, என்ன விலை பெறும் என்பவற்றையெல்லாம் ஆண்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. மரத்தின் உருவம், வில்லையின் அகலம், எழுத்துகள் அமைந்த விதம், எடை, அது யார் யார் கைவழியாக வந்தது என்ற வரலாறு ஆகியவற்றைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். காசு எப்படிச் செய்யப்பட்டது என்பது புரிந்துவிட்டால் இவை ஒவ்வொன்றும் தானாகப் புரியும் என்பதால், செய்த கதையிலிருந்தே தொடங்குவோம்.

பாஸ்டனில் குடியேறியவர்களிடம் நிலம் இருந்தது, மீன் இருந்தது, மரம் இருந்தது, சில்லறைதான் இல்லை. இங்கிலாந்திலிருந்து வந்த காசு, சாமான் வாங்கிய வகையில் மீண்டும் இங்கிலாந்துக்கே போய்ச் சேர்ந்தது. சோளமும் பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் தோலும் பணமாக நடந்தன. பூர்வகுடி மக்கள் கிளிஞ்சலில் கோத்த வாம்பம் என்னும் மணிச்சரங்கள் சட்டப்படி செல்லும் பணமாகவே ஏற்கப்பட்டன. 1635-இல் துப்பாக்கிக் குண்டு ஒன்று ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி, மதிப்புக்குச் செல்லும் என்று ஆணையிட்டார்கள். ஒரே கொடுக்கல் வாங்கலில் பன்னிரண்டு பென்னிக்கு, அதாவது ஒரு ஷில்லிங்குக்கு, மேல் குண்டாகக் கொடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் அதோடு வந்தது. மூட்டை மூட்டையாகக் குண்டைக் கொட்டிக் கடனை அடைக்க ஒருவராவது முயன்றிராவிட்டால் இப்படியொரு விதி தேவைப்பட்டிருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வெள்ளி என்று வந்தால் அது பெரும்பாலும் ஸ்பானிய வெள்ளி. மெக்சிகோவிலும் பெருவிலும் அடித்த ரியால் காசுகள் மேற்கிந்தியத் தீவுகளின் வணிகம் வழியாகப் பாஸ்டனுக்கு வந்தன. 1640-களின் இறுதியில் இதில் ஒரு பெரிய ஓட்டை விழுந்தது. அன்றைய பெருவைச் சேர்ந்த பொத்தோசியில், காசு அடிக்கும் கூடமான அக்கசாலையில், அதிகாரிகளும் வெள்ளி வணிகர்களும் கூட்டுச் சேர்ந்து செம்பைக் கூடுதலாகக் கலந்து மாற்றுக் குறைந்த காசுகளை அடித்துவந்தது அம்பலமாயிற்று. உலகெங்கும் பெரு நாட்டுக் காசு என்றாலே சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். போலிக் காசுகள் பெருகியதால் ஏற்பட்ட நட்டமே தங்கள் காலனியில் அக்கசாலை வைக்கக் காரணம் என்று அதை நடத்திய ஜான் ஹல் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

ஹல் ஒரு வெள்ளி ஆசாரி. காலனியின் பொதுமன்றம் 1652 மே மாதம் காசு அடிக்க ஆணை பிறப்பித்தபோது பொறுப்பு அவரிடம் வந்தது. ராபர்ட் சாண்டர்சன் என்ற மற்றொரு வெள்ளி ஆசாரியைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். பதினாறு அடிச் சதுரத்தில், பத்தடி உயரத்தில் ஒரு கட்டடம் போதும் என்று குறித்தார்கள். மக்கள் தங்களிடம் இருந்த ஸ்பானியக் காசையோ பழைய வெள்ளிப் பாத்திரத்தையோ கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆசாரி அதை உருக்கி, இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் மாற்றுக்கு, அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளிக்குச் சரிசெய்து, காசாக அடித்துத் திருப்பிக் கொடுப்பார். நம் நகைக்கடைக்காரர் மொழியில் சொன்னால், ஒவ்வொரு 20 ஷில்லிங்குக்கும் ஒரு ஷில்லிங்கை ஒட்டிய தொகை செய்கூலி, சேதாரம் தனிக்கணக்கு. இந்தக் கூலி அக்கசாலைக்காரருக்கு மிகவும் சாதகமானது என்று பொதுமன்றம் பின்னாளில் பலமுறை முணுமுணுத்தது. ஹல் பாஸ்டனின் செல்வந்தர்களில் ஒருவரானார்.

அவருடைய மகள் ஹன்னாவின் திருமணத்தின்போது தராசின் ஒரு தட்டில் மணப்பெண்ணை உட்காரவைத்து, மறுதட்டில் அவள் எடைக்கு எடை ஷில்லிங் காசைக் கொட்டிச் சீதனமாகக் கொடுத்தார் என்றொரு கதை உண்டு. துலாபாரம் பார்த்துப் பழகிய நமக்கு அது புதிதாகத் தோன்றாது. உண்மையில் சீதனம் 500 பவுண்டு. கதை கதைதான் என்றாலும் கணக்குப் போட்டுப் பார்த்தால் சுவையாக இருக்கிறது: 500 பவுண்டு என்பது 10,000 ஷில்லிங், ஷில்லிங் ஒன்றுக்கு 4.67 கிராம் வீதம் ஏறத்தாழ 46.7 கிலோ. ஒல்லியான பெண்ணொருத்தியின் எடை கிட்டத்தட்ட வந்துவிடுகிறது.

இந்த 4.67 கிராம் என்ற எண்ணை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். காலனியின் ஷில்லிங்குக்கு விதித்த எடை 72 கிரெயின். அதுதான் கிராமில் 4.67. ஆறு பென்னிக் காசு 36 கிரெயின், மூன்று பென்னிக் காசு 18 கிரெயின். இங்கிலாந்தின் ஷில்லிங்கோ 93 கிரெயினுக்குச் சற்றுக் குறைவு. மாற்று ஒன்றே, பெயர் ஒன்றே. எடை மட்டும் பத்தில் இரண்டேகால் பங்கு குறைவு, அதாவது 22.5 சதவீதம். இது ஏமாற்று வேலை அன்று, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. லண்டன் வணிகர் ஒருவர் பாஸ்டன் ஷில்லிங்கை வாங்கிக்கொண்டு போனால் அங்கே அது முழு ஷில்லிங்காகச் செல்லாது. ஆகவே எடுத்துப் போக மனம் வராது, காசு ஊரிலேயே தங்கும் என்பது கணக்கு. அப்படியும் காசு வெளியேறியதால் 1654-இல் ஏற்றுமதிக்கே தடை போட்டார்கள்.

முதலில் அடித்த காசு பார்ப்பதற்கு மிக எளிது. தட்டிய வெள்ளி வில்லையின் ஒரு பக்கத்தில் மேல் ஓரமாக நியூ இங்கிலாந்தைக் குறிக்கும் என், இ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். மறுபக்கத்தில் கீழ் ஓரமாக ரோம எண்ணில் மூன்று, ஆறு, பன்னிரண்டு என்ற மதிப்பு. அவ்வளவுதான். ஆண்டும் இல்லை, படமும் இல்லை. மீதி இடம் முழுவதும் வெறுமையாக இருந்ததால் கத்தரிக்கோல் வைத்திருந்தவர்களுக்குக் கொண்டாட்டமாகப் போயிற்று: ஓரத்தைச் சுற்றிலும் ஒரு சுற்று நறுக்கி வெள்ளியைத் தனியே சேர்த்துக்கொண்டு, மீந்த காசை முழு மதிப்புக்கே செலவழித்தார்கள். நறுக்கியது தெரியாது, ஏனென்றால் ஓரத்தில் அடையாளமே இல்லை. போலி செய்வதும் சுலபம். சில மாதங்களிலேயே தவறு புரிந்தது. 1652 அக்டோபரில் புதிய ஆணை வந்தது: இரண்டு பக்கத்திலும் விளிம்பை ஒட்டி இரட்டை வளையம், அதற்குள் எழுத்து, ஒரு பக்கம் நடுவில் மரம், மறுபக்கம் நடுவில் ஆண்டும் மதிப்பும். இப்போது ஓரத்தை நறுக்கினால் எழுத்து அறுபடும். கையில் வாங்குபவருக்கு உடனே தெரிந்துவிடும். நான்கு மாதத்துக்கும் குறைவாகவே அடிக்கப்பட்டதனால்தான் எழுத்து முத்திரைக் காசுகள் இன்று இத்தனை அரிதாக இருக்கின்றன.

ஆணையில் மரம் என்றுதான் இருந்தது; என்ன மரம் என்று இல்லை. அச்சு வெட்டியவர்கள் காலத்துக்கு ஒரு மரம் வெட்டினார்கள். பின்னாளில் காசு சேகரித்தவர்கள்தான் அவற்றுக்கு வில்லோ மரம், ஓக் மரம், பைன் மரம் என்று பெயரிட்டுக் கால வரிசைப்படுத்தினார்கள்: ஏறத்தாழ 1653 முதல் 1660 வரை வில்லோ, 1660 முதல் 1667 வரை ஓக், 1667 முதல் 1682 வரை பைன். இவற்றுள் பைன் மட்டுமே பார்த்தவுடன் பைன். ஓக் என்பது புதரும் முள்ளுமாக விரிந்த ஒரு மரம். வில்லோ என்பதோ மரமே அன்று. சுருள்சுருளாகக் கிறுக்கிய கோடுகள். அந்தக் கிறுக்கலுக்குக் காரணம் உண்டு. அச்சை இறுகப் பிடிக்கும் பொறி சரியாக அமையாத காலம் அது. ஒரே காசை இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டியிருந்தது; ஒவ்வோர் அடிக்கும் வில்லை சற்றுத் திரும்பியதால் கிளைமேல் கிளை, எழுத்துமேல் எழுத்து விழுந்தது. தெளிவான வில்லோ காசு வேண்டும் என்று தேடுபவர் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

ஏன் எல்லாவற்றிலும் 1652? பரவலாகச் சொல்லப்படும் காரணம் இது. காசு அடிப்பது அரசருடைய தனியுரிமை; ஆனால் 1649-இல் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்ட பிறகு 1660 வரை இங்கிலாந்தில் அரசரே இல்லை. இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறிய பின், ‘இது அரசர் இல்லாத காலத்தில் அடித்த பழைய காசு’ என்று சொல்லித் தப்புவதற்காகவே ஆண்டை மாற்றாமல் வைத்திருந்தார்கள் என்பார்கள். கேட்க அழகான காரணம்தான். ஆனால் முழுதும் நம்ப முடியவில்லை. அக்கசாலை நடப்பது லண்டனுக்கு நன்றாகத் தெரியும். 1665-இல் வந்த அரச ஆணையர்கள் அந்தச் சட்டத்தை நீக்கும்படியே கேட்டார்கள். மேலும், ஓக் மரம் பொறித்த இரண்டு பென்னிக் காசில் 1662 என்ற ஆண்டு வெளிப்படையாக இருக்கிறது. நான் முன்பு குறிப்பிட்ட ஒரேயொரு விதிவிலக்கு இதுதான். இரண்டு பென்னிக் காசுக்கு அனுமதி கொடுத்த ஆணை 1662-இல் வந்தது, மற்றவற்றுக்கு 1652-இல். அனுமதி பெற்ற ஆண்டையே பொறித்தார்கள் என்ற எளிய விளக்கம் இரண்டுக்கும் பொருந்துகிறது. இதே மரத்தை இரண்டாம் சார்லஸிடம் காட்டி, ‘தங்களை ஒளித்துக் காப்பாற்றிய ஓக் மரத்தைத்தான் நன்றியோடு பொறித்திருக்கிறார்கள்’ என்று ஒரு தூதர் சமாளித்ததாகவும் அரசர் சிரித்து விட்டுவிட்டதாகவும் ஒரு கதை நடமாடுகிறது. அதையும் கதைக் கணக்கில் வைக்கலாம்.

புதிதாகத் தொடங்குபவர் கையில் வரக்கூடியது பெரும்பாலும் பைன் மர ஷில்லிங். இதிலேயே இரண்டு வகை உண்டு. 1675-க்கு முற்பட்டவை அகன்று மெலிந்தவை; நம் பத்து ரூபாய்க் காசின் 27 மில்லிமீட்டர் அகலத்தையும் சில சமயம் தாண்டும். எடையோ பத்து ரூபாய்க் காசின் 7.7 கிராமில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான், அவ்வளவு மெல்லிசு. பிற்பட்டவை குறுகித் தடித்தவை. அகலம் 24, 25 மில்லிமீட்டரை ஒட்டி நிற்கும். எடை இரண்டுக்கும் ஒன்றே என்பதை மறந்து, அகலம் குறைந்த காசை ‘நறுக்கிய காசு’ என்று ஒதுக்கும் புதியவர்கள் உண்டு. அகன்ற காசுகள் பல லேசாக வளைந்து, அலை பாய்ந்தாற்போல் இருக்கும். வளைந்த அச்சுகளுக்கிடையே வெள்ளித் தகட்டை உருட்டி அழுத்திய முறையால் வந்த வளைவு அது. குறையாகக் கருதி நிமிர்த்தப் பார்ப்பது காசைக் கெடுப்பதாகும்.

இன்னும் நுணுகிப் பார்த்தால் அச்சு வேறுபாடுகள் தெரியும். ஒவ்வோர் அச்சையும் கையால் வெட்டினார்கள். ஆகவே ஒன்றில் மரத்தண்டின் இருபக்கமும் புள்ளி இருக்கும், மற்றொன்றில் இராது. ஒன்றில் காலனியின் பெயரில் எச் என்ற எழுத்தே விடுபட்டிருக்கும். ஒன்றில் கிளை குறிப்பிட்ட ஓர் எழுத்துக்கு நேரே நீளும். அமெரிக்க நாணயவியல் கழகத்தைச் சேர்ந்த சிட்னி நோ என்பவர் இந்த வேறுபாடுகளை 1940-களிலும் 1952-இலும் வகைப்படுத்தி எண்ணிட்டார். இன்றும் ஏலப் பட்டியலில் ‘நோ 1’, ‘நோ 14’ என்று குறிப்பது அந்த எண்ணைத்தான். மதிப்பீட்டின் முதல் படி, கையில் உள்ள காசு எந்த நோ எண்ணைச் சேர்ந்தது என்று கண்டுபிடிப்பது. ஒரே மரம், ஒரே நிலை என்றாலும் எண் மாறினால் விலை பல மடங்கு மாறக்கூடும். எந்த எண்ணோடும் ஒத்துவரவில்லை என்றால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்பட வேண்டும்.

மாசசூசெட்ஸுக்கு வெளியே காலனிக் கால வெள்ளி மிகச் சிலதான். மேரிலாந்து என்ற மற்றொரு காலனியின் உரிமையாளரான பால்டிமோர் பிரபு சிசில் கால்வர்ட் 1659-இல் லண்டனிலேயே தம் தலை பொறித்த ஷில்லிங், ஆறு பென்னி, நான்கு பென்னிக் காசுகளை அடிக்கச் செய்தார். அதற்காக அவர்மேல் கைதாணையும் பிறந்தது. அவற்றை மக்களிடம் புழங்கவிட, ஒவ்வொரு குடும்பமும் வரிக்குரிய ஆள் ஒருவருக்கு 60 பவுண்டு எடைப் புகையிலையைக் கொடுத்துப் பத்து ஷில்லிங் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று 1662-இல் சட்டம் இயற்றினார்கள். ஆண்டு எதுவும் பொறிக்காத அழகான காசுகள் இவை. பொறியால் அடித்தவை போல் ஒழுங்காக இருக்கும், பாஸ்டன் காசின் முரட்டுத்தனம் இராது. அன்னாபொலிஸ் நகரில் ஜான் சால்மர்ஸ் என்ற பொற்கொல்லர் 1783-இல் அடித்த சிறு வெள்ளிக் காசுகளையும் இந்த வரிசையில் சேர்த்து விற்பார்கள். அப்போது சுதந்திரம் அறிவித்து ஏழாண்டுகள் ஆகிவிட்டன. கண்டிப்பாகப் பார்த்தால் காலனிக் காசு அன்று, ஆனால் சேகரிப்போர் அவ்வளவு கண்டிப்பு பார்ப்பதில்லை.

இனி மதிப்பீடு. காசைக் கையில் எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும், கீழே மெத்தென்ற துணி விரித்திருக்க வேண்டும் என்பவை எல்லாருக்கும் தெரிந்தவை. அதற்கு அடுத்து நான் செய்யச் சொல்வது, உருப்பெருக்கியைத் தேடாமல் தராசைத் தேடுவது. மில்லிகிராம் வரை காட்டும் நகைக்கடைத் தராசு போதும். ஷில்லிங் 72 கிரெயினை ஒட்டி நின்றால் நல்லது. தேய்மானத்தால் சற்றுக் குறைவது இயல்பு. அறுபது கிரெயினுக்கு இறங்கியிருந்தால் அதற்குக் காரணம் கண்ணில் பட வேண்டும்: ஓரம் நறுக்கப்பட்டு எழுத்தின் தலைகள் போயிருக்கலாம், துளையிட்டுக் கழுத்தில் போட்டிருக்கலாம், மண்ணிலோ கடலிலோ அரிக்கப்பட்டிருக்கலாம். காரணம் ஒன்றும் தெரியாமல் எடை மட்டும் குறைந்திருந்தாலும், விதித்த எடைக்குக் கணிசமாக மேலே போனாலும் அது நல்ல அறிகுறி அன்று.

அடுத்தது அடர்த்தி. இதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். என் மேசையில் பைன் மர ஷில்லிங்கின் நினைவுப்பொருள் நகல் ஒன்று கிடக்கிறது. வெள்ளீயக் கலவையில் வார்த்தது. மேலே கருமை ஏற்றி, பார்ப்பதற்குப் பழசு போலவே செய்திருக்கிறார்கள். தராசின்மேல் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து, எடையைச் சுழியாக்கி, காசை நூலில் கட்டித் தரையையும் பக்கங்களையும் தொடாமல் நீருக்குள் தொங்கவிட்டால், தராசு காட்டும் எண் அந்தக் காசு விலக்கிய நீரின் எடை. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். ஸ்டெர்லிங் வெள்ளிக்கு அது 10.3 முதல் 10.4 வரை வர வேண்டும், 4.67 கிராம் காசு ஏறத்தாழ 0.45 கிராம் நீரை விலக்க வேண்டும். என் நகல் 7.3-க்கு மேல் ஏறவே இல்லை. மேல்பூச்சு கண்ணை ஏமாற்றும், தண்ணீரை ஏமாற்றாது. ஆனால் நல்ல வெள்ளியிலேயே செய்த போலி இந்தச் சோதனையில் தேறிவிடும் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

அப்படிப்பட்ட போலிகள் இன்று நேற்று வந்தவை அல்ல. 1856-இல் நியூயார்க்கில் தாமஸ் வையாட் என்பவர் புதிய அச்சுகள் வெட்டி மாசசூசெட்ஸ் காசுகளை வெள்ளியில் அடித்து, செல்சி என்ற ஊரில் புதையலாகக் கிடைத்தவை என்று சொல்லி விற்றார். வார்ப்புப் போலியில் மேற்பரப்பில் சிறு கொப்புளமும் விளிம்பில் இணைப்புக் கோடும் தெரியும். அச்சில் அடித்த வையாட் காசில் இவை இரா. அதைக் காட்டிக்கொடுப்பது அச்சுதான்: எழுத்தின் அமைப்பு உண்மையான எந்த நோ எண்ணோடும் பொருந்தாது. மாறாக, உண்மைக் காசிலிருந்து படியெடுத்து வார்த்த போலியில் அச்சு முழுதும் பொருந்தும். ஆனால் மூலக் காசில் இருந்த கீறலும் பள்ளமும் சேர்ந்து வந்துவிடும். இதை நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். ஒரே அச்சில் அடித்த இரண்டு உண்மைக் காசுகளில் எழுத்தும் மரமும் ஒத்திருக்கும். கீறலும் தேய்மானமும் ஓரத்தின் வடிவமும் ஒருபோதும் ஒத்திரா. அவையும் ஒத்திருந்தால் இரண்டில் ஒன்றாவது போலி. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: வையாட் அடித்த போலிகளையே இப்போது தனியாகச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

நிலை என்பதை அமெரிக்காவில் 1 முதல் 70 வரையான ஷெல்டன் அளவுகோலில் எண்ணாகச் சொல்வார்கள். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற இரண்டு நிறுவனங்கள் காசை ஆராய்ந்து, எண் குறித்து, பிளாஸ்டிக் பேழையில் மூடி முத்திரையிட்டுத் தருகின்றன. பேழைக்குள் எண்ணுக்குப் பதிலாக ‘விவரம்’ என்ற சொல்லோடு குறை எழுதியிருந்தால், காசு உண்மையானது, ஆனால் துளை, கடுமையான சுத்திகரிப்பு, பழுதுபார்ப்பு போன்ற ஏதோ ஒன்று இருக்கிறது என்று பொருள். பேழையில் உள்ள எண் பயனுள்ளதுதான். ஆனால் பதினேழாம் நூற்றாண்டுக் காசுக்கு அந்த எண் பாதிக் கதையைத்தான் சொல்லும். இருபது என்று எண் பெற்ற ஒரு காசில் மரம் நடுவில் நின்று, இரண்டு வளையமும் முழுதாகத் தெரிந்து, மேல்பரப்பு சீராகக் கருத்திருக்கலாம். நாற்பது என்று எண் பெற்ற மற்றொன்றில் அச்சு ஒருபக்கம் சரிந்து பாதி எழுத்து வெளியே போயிருக்கலாம். அனுபவமுள்ளவர்கள் முதல் காசுக்கே அதிகம் கொடுப்பதை நான் தவறென்று சொல்ல மாட்டேன்.

சில ‘குறை’களுக்குக் கதை இருக்கிறது. இரண்டு இடத்தில் மடித்து மீண்டும் நிமிர்த்திய தழும்போடு வரும் பைன் மரக் காசுகளைச் சூனியக்காசு என்பார்கள்; 1692-இல் மாசசூசெட்ஸின் சேலம் நகரில் சூனியக்காரிகள் என்று பலரைத் தூக்கிலிட்ட காலத்தில், தீவினை அண்டாமலிருக்கக் காசை வளைத்து உடலில் அணிந்தார்கள் என்பது வழிவழி வரும் நம்பிக்கை. காசை வளைத்து நேர்ச்சைக்கும் காதல் நினைவுக்கும் வைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கிலாந்தில் அதற்கு முன்பே இருந்ததால் எல்லா வளைவுக்கும் சேலத்தைக் காரணம் காட்ட முடியாது. எப்படியாயினும் இந்த வளைவுக்கு விலை பெரிதாகக் குறைவதில்லை. துளையை வெள்ளியால் அடைத்து, மேலே எழுத்தை மறுபடி செதுக்கிய காசுக்குத்தான் குறையும். சாய்வான ஒளியில் காசை மெல்லத் திருப்பிப் பார்த்தால் அடைத்த இடத்தின் நிறம் தனித்துத் தெரியும்.

கடைசியாக, பலர் கவனிக்காமல் விடும் உடைமை வரலாறு. 1711-இல் இன்றைய கனடாவின் கேப் பிரெட்டன் தீவருகே மூழ்கிய ஃபெவர்ஷாம் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலிலிருந்து மாசசூசெட்ஸ் வெள்ளிக் காசுகள் நூற்றுக்கு மேல் கிடைத்தன. கடல்நீர் அரித்து, எடை குறைந்து, மணல் பதித்தாற்போல் சொரசொரப்பாக இருப்பவை. ஆதாரமின்றி வந்தால் எவரும் முகம் சுளிப்பார்கள். அந்தக் கப்பலில் எடுத்தது என்ற சான்றிதழோடு வந்தால் அதே சொரசொரப்பு ஓர் அடையாளமாகிவிடுகிறது. 2021-இல் லண்டனில் ஏலம் போன எழுத்து முத்திரை ஷில்லிங் ஒன்று, இங்கிலாந்தின் பழைய குடும்பம் ஒன்றின் வீட்டில் மிட்டாய் டப்பா ஒன்றுக்குள் மற்ற பழங்காசுகளோடு கிடந்தது, 3.5 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது. அந்தக் குடும்பத்தின் முன்னோர் நியூ இங்கிலாந்தோடு தொடர்புடையவர் என்பதால் காசு அங்கே எப்படி வந்தது என்ற கேள்விக்கு இடமே எழவில்லை.

அதைவிட வியப்பானது மூன்று பென்னிக் காசு. 1.1 கிராம் எடை, உள்ளே இருக்கும் வெள்ளியின் மதிப்பு 2024-இல் ஏறத்தாழ ஒரு டாலர்தான். எழுத்து முத்திரை மூன்று பென்னிக் காசில் அதுவரை எல்லாரும் அறிந்திருந்தது பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தின் ஒன்றுதான். யேல் கல்லூரியின் சேகரிப்பில் இருந்த இன்னொன்று நூறாண்டுக்கும் முன்பே திருடுபோய்விட்டது. (அந்தக் கல்லூரிக்குப் பெயர் தந்த எலிஹு யேல் பாஸ்டனில் 1649-இல் பிறந்து, அக்கசாலை தொடங்கிய 1652-இலேயே குழந்தையாக அந்த ஊரை விட்டுப் போய், பின்னாளில் சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர்.) இந்நிலையில் 2016-இல் நெதர்லாந்தில் ஒரு பழைய அலமாரியில் இதே வகைக் காசு ஒன்று அட்டைப் பெட்டிக்குள் கிடைத்தது. இன்ன வெள்ளி வில்லை என்று தெரியவில்லை, குவின்சி குடும்பத்திலிருந்து, 1798 டிசம்பர் என்ற பொருளில் பெட்டிமேல் பழைய கையெழுத்துக் குறிப்பு இருந்தது. குவின்சி என்பது அமெரிக்காவின் இரண்டாம் அதிபர் ஜான் ஆடம்ஸின் மனைவி வழிக் குடும்பம். ஆடம்ஸ் விடுதலைப் போரின்போது நெதர்லாந்தில் தூதராக இருந்தவர். 2024 நவம்பரில் அந்தக் காசு 25.2 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. விடுதலைக்கு முற்பட்ட அமெரிக்கக் காசு எதுவும் அதுவரை அந்த விலையைத் தொட்டதில்லை. எழுதியவருக்கே இன்ன காசு என்று தெரியாத அந்தக் குறிப்புதான் அது பிற்காலப் போலி அன்று என்பதற்கு மிக வலுவான சான்றுகளில் ஒன்றாயிற்று.

இவ்வளவு பெரிய தொகைகளைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. நடுத்தர நிலையில் உள்ள பைன் மர ஷில்லிங் சில ஆயிரம் டாலருக்குக் கிடைக்கும். துளையோ வளைவோ உள்ளது இன்னும் குறைவு. அதுவும் அதிகம் என்றால், பாஸ்டன் சந்தையில் உண்மையில் கைமாறியது பெரும்பாலும் ஸ்பானிய வெள்ளிதான் என்பதை நினைத்து, அக்காலத்து ஒரு ரியால், இரண்டு ரியால் காசு ஒன்றை வாங்கித் தொடங்கலாம். விலை மிகக் குறைவு, கற்றுக்கொள்ளக் கூடியது நிறைய. விலை கேட்கும்போது எந்த விலை என்பதையும் தெளிவாகக் கேட்க வேண்டும். காப்பீட்டுக்காக எழுதும் மதிப்பு உயர்ந்திருக்கும். ஏலத்தில் அறிவிக்கும் தொகையில் வாங்குபவர் கொடுக்கும் கமிஷனும் சேர்ந்திருக்கும். வணிகர் உங்களிடமிருந்து வாங்கத் தரும் தொகை இவை இரண்டையும்விடக் குறைவாகவே இருக்கும். ஒரே காசுக்கு மூன்று எண். மூன்றும் பொய் அல்ல. அண்மையில் அதே நோ எண்ணில், அதை ஒட்டிய நிலையில் ஏலம் போன இரண்டு மூன்று காசுகளின் விலையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

வாங்கிய பிறகு செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று: தேய்த்துப் பளபளப்பாக்குவது. குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கும் கை தானாகவே துறுதுறுக்கும். ஆனால் முந்நூறு ஆண்டுகள் படிந்த கருமையை ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டால் அடியில் தெரிவது நுண்கீறல் நிறைந்த வெற்று வெள்ளி, அதன் விலையும் பாதிக்கு இறங்கிவிடும். பி.வி.சி. கலந்த மலிவான உறைகள் நாளடைவில் பச்சைப் பிசுபிசுப்பைக் கக்கும் என்பதால் அவற்றைத் தவிர்த்து, அமிலமற்ற தாள் உறையிலோ கெட்டியான பேழையிலோ வைக்க வேண்டும். காசோடு வந்த பழைய உறை, ரசீது, யாரோ பென்சிலால் கிறுக்கிய துண்டுச்சீட்டு எதையும் எறிந்துவிடாமல் காசுக்குப் பக்கத்திலேயே வைத்து, நீங்கள் எப்போது யாரிடம் வாங்கினீர்கள் என்பதையும் அதன் கீழே தேதியிட்டு எழுதி வையுங்கள்.